பதினொரு மெஷின், பன்னிரண்டு டிஸ்க்

19 மே 2025, திங்கள், தங்கச்சிமடம்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது. கச்சான் காற்று காலையிலேயே கிளம்பி, கொடியில் போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. கம்பெனி மீன் ஏற்றுமதி செய்வது, இப்போது வரத்து குறைவு, அதனால் சர்வர்களைச் சோதிக்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மும்பை டேட்டா சென்டரில் ஓடும் கிளவுட் மெஷின்கள் 11. எல்லாவற்றிலும் ஏஜென்ட் (மெஷினுக்குள் இருந்து சோதித்துச் சொல்லும் சின்ன மென்பொருள்) போட்டு ஸ்கேன் ஓட்டினேன். ராத்திரி ரிப்போர்ட் வந்தது, மொத்தம் 1,340 பாதுகாப்பு ஓட்டை. மேனேஜர் அண்ணன் உடனே போன். "என்னம்மா, கம்பெனியே சல்லடையா?"

20 மே, செவ்வாய்

அவ்வளவு இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரே ஓட்டை இருந்தால், அதற்கான பேக்கேஜ் (மென்பொருள் பொதி) ஒவ்வொன்றிலும், மெஷின் ஒவ்வொன்றிலும், அப்டேட் ஆன பிறகும் நீக்காமல் கிடக்கிற பழைய கெர்னல்களிலும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. பெருக்கிப் பெருக்கி வந்த கணக்கு இது. ஓட்டையின் ஆபத்துக்குப் பத்துக்குப் போடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 9-க்கு மேல் இருப்பதை முதலில் பார் என்பார்கள், நான் அப்படிச் செய்வதில்லை. நிஜத்தில் யாரோ ஏற்கெனவே நுழையப் பயன்படுத்திய ஓட்டைகளை அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டு, அதிலும் வெளியிலிருந்து எட்டக்கூடிய போர்ட்டில் (மெஷினின் நெட்வொர்க் வாசல்) எது இருக்கிறது என்று சலித்தால் கையில் நாலைந்துதான் மிஞ்சியது.

இதற்கு நடுவில், வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பார்ட்டி ஒருவர் தானே ஒரு ஸ்கேன் ஓட்டி, உங்கள் ஓபன்எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் மென்பொருள்) 8.9பி1, போன வருடம் வந்த சிவிஇ-2024-6387 என்ற எண்ணுள்ள ஓட்டை உங்களிடம் அப்படியே இருக்கிறது, சரிசெய்யாவிட்டால் ஆர்டர் யோசிக்க வேண்டியிருக்கும் என்று மெயில் போட்டிருந்தார். 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்த மெஷினின் இயங்குதளமான உபுண்டு 22.04, 8.9பி1 என்ற முன் எண்ணை மாற்றாது, திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வால் எண்ணை ஏற்றும். வாசலில் நின்று பெயர்ப்பலகையின் முன் எண்ணை மட்டும் படிக்கிற ஸ்கேனர் வாலை எங்கே பார்க்கிறது. பேக்கேஜ் எண்ணைப் படம் பிடித்து அனுப்பினேன், பதில் எழுதவே ஒரு மத்தியானம் போனது.

23 மே, வெள்ளி

இன்றைக்கு நேர் எதிர். ரிப்போர்ட்டில் சுத்தம் என்று பச்சையாக இருக்கும் மெஷின், ஆனால் 412 நாளாக ரீபூட் ஆகவில்லை. மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் ஆகியிருக்கிறது, டிஸ்க்கில் புதியது இருக்கிறது, வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் மட்டும் பழைய லைப்ரரியையே மெமரியில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பேக்கேஜ் பட்டியலை மட்டும் படிக்கிற ஸ்கேனரிடம் இது சிக்காது. எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று காட்டும் நீட்ரீஸ்டார்ட் கருவியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூன்று மெஷினில் இதே கதை என்று தெரிந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ரீபூட் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது, எனக்குத்தான், சர்வருக்கு இல்லை. செல்போன் நெட்டில் முடித்தேன்.

சாயங்காலம் சித்தப்பாவின் விசைப்படகைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். ஆசாரி பலகையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கிறார். பெயிண்ட் புதிதாக இருக்கும் பலகையைத்தான் அதிகம் தட்டுகிறார்.

27 மே, செவ்வாய்

பில்லைப் பார்த்ததில் மாட்டியது. ஏஜென்ட் பட்டியலில் 11 மெஷின், பில்லில் 12 டிஸ்க். மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்குமே. டெஸ்ட்-2 என்று ஒன்று, 2021-இல் யாரோ போட்டது, நிறுத்திக் கிடக்கிறது, ஏஜென்ட் இல்லை. ஆன் செய்யாமலே டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (நகல்) எடுத்து டிரிவி என்ற ஸ்கேனரிடம் கொடுத்தேன். ஒரு ஜார் பைலுக்குள் (ஜாவா நிரல் பொதி) லாக் எழுதும் லைப்ரரி லாக்4ஜே 2.14.1. 2021 டிசம்பரில் உலகத்தையே தூங்கவிடாத அதே ஓட்டை, மதிப்பெண் பத்துக்குப் பத்து. உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் அப்டேட் நூறு தடவை ஓட்டியிருந்தாலும் இது சரியாகாது, ஜார் நாமே கொண்டுபோய் வைத்தது, ஆப்ட்டுக்கு அது இருப்பதே தெரியாது. போர்ட் 8080 உலகத்துக்கே திறந்து கிடக்கிறது.

நிறுத்திய மெஷின்தானே என்று நினைத்தேன். லாகைப் பார்த்தால் வருடா வருடம் ஜூனில் நான்கைந்து நாள் ஓடியிருக்கிறது. கணக்கு செக்‌ஷன் சார்! தடைக்காலத்தில் வேலை குறைவு, அப்போது பழைய வருடக் கணக்கைச் சரிபார்க்க ஆன் செய்துவிட்டு, முடிந்ததும் பொறுப்பாக நிறுத்தியும் வைத்திருக்கிறார். லைட்டை அணைக்கிற மாதிரி. திட்டவும் மனசு வரவில்லை. அந்த நாட்களின் லாகை வரி வரியாகப் படித்தேன். அந்த ஓட்டையைத் தட்டிப் பார்த்த தடம் நிறைய, உள்ளே வந்த தடம் கண்ணில் படவில்லை. மெஷினை நம்பிக்கையில்லாததாகவே வைத்து, டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்த பாஸ்வேர்டுகளை எல்லா இடத்திலும் மாற்றினேன்.

30 மே, வெள்ளி

உபுண்டு 20.04-க்கு வழக்கமான சப்போர்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. நம்மிடம் இரண்டு. ஒன்றை 22.04-க்கு ஏற்றிவிட்டேன். இன்னொன்றில் பிரிண்டர் சமாச்சாரம், பிறகு.

14 ஜூன், சனி

நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் வண்டி தெருவை அடைத்து நிற்கிறது, சித்தப்பாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கணக்கு சார்தான் கூப்பிட்டார். "அந்த டெஸ்ட்டு ரெண்டைக் காணோமேம்மா?" எக்ஸெலாக மாற்றி அனுப்பியிருக்கிறேன் என்றேன். திறந்து பார்த்துவிட்டு, பழையதில் பாக்கித் தொகை சிவப்பில் இருக்கும், இதில் இல்லையே என்றார். சிவப்பு போட்டுக்கொண்டிருக்கிறேன்.