ஒம்பது போடுங்க தம்பி

அந்தப் பையன் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, இதே ஷூ ஆன்லைன்ல எட்டாம் சைஸும் இருக்கு ஒம்பதும் இருக்கு, அப்பாவுக்கு எது போடலாம்?" கூச்சமே இல்லாம என் மூஞ்சிக்கு நேரா போனை நீட்டிக் கேக்குறான். அவங்கப்பா அப்பவும் ஒத்தைக் கால்ல எங்க கடை ஷூவோட உக்காந்திருக்கார். குனிஞ்சு விரலை அமுக்கிப் பாத்தவன் நான், அகலப் பாதம், சுண்டுவிரல் பக்கம் தோல் புடைச்சு நிக்குது. "ஒம்பது போடுங்க தம்பி, எட்டு கடிக்கும்"னு வாய்ல வந்துடுச்சு.

மேனேஜர் காதுல விழுந்துடுச்சு. "சம்பளம் இங்க, சேவை அங்கயா?"ன்னார்.

அவர் கோபம் நியாயம்தான். பிளிப்கார்ட் 2010ல பொருள் வந்தப்புறம் காசு குடுங்கன்னு ஆரம்பிச்சப்பகூட, ஷூவை எவன் போட்டுப் பாக்காம வாங்குவான்னு தெம்பா இருந்தோம். 2014 அக்டோபர்ல அவங்க முதல் பிக் பில்லியன் டே தள்ளுபடி சேல்ல சைட்டு திணறி அவங்க ஓனருங்களே மன்னிப்பு கேட்டப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்ப தீபாவளி பர்ச்சேஸ் பாதி போன்லயே முடிஞ்சுடுது, நம்ம கடை கால் அளவு பாக்குற இடமாயிடுச்சு.

ஆனா நான் சொல்லலன்னா மட்டும் என்ன ஆயிருக்கும், ரெண்டு சைஸும் ஆர்டர் போட்டுட்டு சேராததை ரிட்டர்ன் அனுப்புற ஆளுங்கதானே இப்ப நெறைய, அவனும் அதைத்தான் பண்ணியிருப்பான், ஒருத்தர் கால் கடிக்காம இருக்கட்டுமேன்னு சொன்னதுல கடைக்கு என்ன நஷ்டம்? எங்க கம்பெனியே அதே மாடலை ஆன்லைன்ல ஆஃபர் போட்டு விக்குது, அதுல எனக்கு இன்சென்டிவ் கூடக் கிடையாது.

இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்கிட்டு இருக்கும்போதே அந்த அப்பா ஞாபகம் வந்துடுது. பையன் கேக்குறதுக்கு முன்னாடி அவர் ரெண்டு தடவை "இங்க எவ்ளோப்பா வருது?"ன்னு கேட்டார். ஷூவைக் கழட்டவும் மனசில்லாத மாதிரி இருந்துச்சு. "தெரியல தம்பி"ன்னு நான் நிறுத்தியிருந்தா "இங்கயே எடுத்துடுவோம்டா"ன்னு சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டார், பணம் குடுக்குறது பையன். தெரியல.

பாக்ஸ்ல இருக்குற ஆர்ட்டிக்கிள் நம்பரை, அதான் மாடல் நம்பரை, ஆன்லைன்ல தேட போட்டோ எடுக்குறாங்களாம், அதனால இனிமே பாக்ஸை கஸ்டமர் கையில குடுக்கக்கூடாதுன்னுட்டார் மேனேஜர். சரின்னு உள்ள வெச்சுட்டு ஷூவை மட்டும் நீட்டுறேன். ஷூ நாக்குக்கு அடியில தெச்சிருக்குற லேபிள்லயும் அதே நம்பர்தான் இருக்கு, அதை அவர்கிட்ட இன்னும் சொல்லல.