திருக்கோவில் வேலவனுக்கு அம்மாவின் நேர்த்தி

தம்பிக்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று சொன்ன அன்றே அம்மா, இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவில் என்ற ஊரில் இருக்கும் சித்திர வேலாயுத சுவாமிக்கு நேர்த்தி வைத்துவிட்டார். அவன் எழும்பி நடந்தால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அவனையே கூட்டிப்போய், திருப்பணிக்கும் காசு கொடுப்பதாக வேண்டுதல். வேலவன் கைவிடவில்லை.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பஸ்ஸில் இடமே இல்லை. அங்கிருந்து வான்காரர் ஒருவர் வழமையான கூலியைப் போல மூன்று மடங்கு கேட்டார். நேர்த்திக்குப் போகிற சனத்திடம் இப்படிப் பறிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! அன்றிரவு பக்கத்து ஊரான தம்பிலுவிலில் மாமி வீட்டில் தங்கினோம். முகம் கழுவினால் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. "இப்ப தேத்தண்ணிக்கும் போத்தல் தண்ணிதான் மனே" என்றார் மாமி. கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கிறது. மழை பொய்த்தோ மோட்டர் போட்டு இறைத்தோ நன்னீர் மட்டம் 1 மீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு நீர் 40 மீற்றர் வரைக்கும் ஏறிவிடும்.

விடியற்காலையிலேயே கோயில் வாசலில் நெரிசல். அர்ச்சனைத் தட்டைக் கையில் திணிப்பவர்கள், செருப்புக்குக் காசு கேட்பவர்கள் என்று ஒரே இரைச்சல். நெஞ்சில் தையல் போட்ட பிள்ளையை இடிபடாமல் கொண்டுபோக அம்மா தன் உடம்பையே வேலியாக்கிக்கொண்டார். உள்ளே தீபம் காட்டியதும் எல்லாம் மறந்து போயிற்று. "அரோகரா" என்ற சத்தத்துக்குள் தம்பி நெஞ்சில் கைவைத்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததேயில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவன் அழவில்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

வீதி வலம் வரும்போது பழைய கல் ஒன்றின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். மாமியின் பேத்தி அதைத் திருநீறு என்று நினைத்துத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டது. என் விரலிலும் மாவாக ஒட்டியது. நாக்கில் வைத்தால் உப்பு. எனக்கு நெஞ்சு பதறியது.

மாமி வீட்டுக் கிணற்றில் ஏறிய அதே உப்பு, ஈரத்தோடு கல்லின் நுண்ணிய துளைகளுக்குள்ளும் ஏறுகிறது. கடற்காற்றும் தன் பங்குக்குக் கொண்டுவந்து அப்புகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த உப்பு பளிங்காக இறுகும், மேலே போனால் கரையும். ஆடி மாதக் கச்சான் காற்று பகலில் வறட்டிவிட்டுப் போக, இரவில் ஈரம் திரும்புகிறது. இறுகும் ஒவ்வொரு தடவையும் உப்பு கல்லின் மணிகளை உள்ளிருந்து நெம்புகிறது. போர்த்துக்கேயர் இடித்தும், 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியும் வழிபாடு நின்றுபோகாத தலம் இது. தம்பிலுவில் கல்வெட்டில் விஜயபாகு மன்னரின் பத்தாம் ஆட்சியாண்டில் 'சிவஞான சங்கரர் கோயிலுக்கு' என்று வெட்டிய எழுத்தை நாம் இன்றைக்கும் வாசிக்கிறோம். எழுத்து நிற்பது கல்லின் மேல்தோலில்தானே! அது உதிர்ந்தால் அப்புறம் எங்கே போய் வாசிப்பது?

இதில் நம் பக்திக்கும் பங்கு இருக்கிறது. பல ஊர்களில் கும்பாபிஷேகம் என்றதும் பழைய கல்லுக்குச் சீமெந்து பூசி, சுற்றிலும் தரைக்கு ஓடு பதித்து, பெயின்ற் அடித்து அழகு பார்க்கிறோம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. வழியில்லாத ஈரம் கல்லுக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் நனைத்த காகிதக் கூழைக் கல்லில் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரமும் நட்டிருக்கிறார்கள். நம் கரையில் செய்ய முடியாத காரியமா அது?

அம்மா திருப்பணிக் காசை ஒரு பெரியவரிடம் கொடுத்தபோது, பழைய கல்லில் கை வைப்பதென்றால் தொல்லியல் தெரிந்தவர்களைக் கேட்டுச் சுண்ணாம்பில் செய்யுங்கள், மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அதுவே பெரிய காரியம்.

பிறகு தீர்த்தக் கரை. அலை அரித்து அரித்துக் குறுகிப்போன அந்த மணலில் அத்தனை சனம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் முழுகி எழும்பினான். வேலவா, பிள்ளையைத் திருப்பித் தந்தாய். அடுத்த ஆடிக்கும் அவனோடு வந்து உன்னைக் கும்பிட வேணும், அந்தக் கல்லையும் முழுசாகப் பார்க்க வேணும்.