செல்லோ முதலில் பேசும் கான்செர்ட்டோ

பிப்ரவரி 4, புதன்

சனிக்கிழமை மாலை ராயபுரத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் இரட்டைக் கான்செர்ட்டோவை வாசிக்கிறார்கள். கான்செர்ட்டோ என்பது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு; இதில் தனி வாத்தியங்கள் இரண்டு. வயலின், அதன் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ, இசைக்குழு ஆகியவற்றுக்காக ஏ மைனரில் எழுதப்பட்ட ஓபஸ் 102, அதாவது 102ஆம் எண்ணிட்ட படைப்பு. இதை வடசென்னையிலேயே நேரில் கேட்கக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் மேற்கத்திய வயலின் இந்தப் பக்கத்துக்கு அந்நியமானதன்று. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றது, அவர் குடும்பம் வடசென்னையை ஒட்டிய மணலியின் முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

வயலின் மேதை யோவாகிமுக்கும் அவர் மனைவி அமாலிக்கும் பிணக்கு ஏற்பட்டபோது, பிராம்ஸ் அமாலியின் பக்கம் நின்று எழுதிய கடிதம் மணவிலக்கு வழக்கில் வெளிப்பட்டு, நெடுநாள் நட்பு முறிந்தது. அதைப் புதுப்பிக்கும் முயற்சியாக, 1887 கோடையில் சுவிட்சர்லாந்தின் துன் நகரில் பிராம்ஸ் இந்தக் கான்செர்ட்டோவை எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று ஜெர்மனியின் கொலோனில் அவரே இசைக்குழுவை நடத்த, யோவாகிம் வயலினும் ராபர்ட் ஹவுஸ்மான் செல்லோவும் வாசித்தார்கள். இந்தக் கதையை அறிந்தவர்கள் இசை முழுவதிலும் சண்டையையும் சமாதானத்தையும் தேடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பயன்பட்டதில்லை.

பிப்ரவரி 7, சனி, இரவு

“முன்வரிசை வேண்டாம் தம்பி, செல்லோ கேட்க வேண்டுமானால் பின்னால் போய் உட்காருங்கள்” என்றார் வாசலில் நின்ற பாடகர் குழுப் பெரியவர். செல்லோவின் மிக உயர்ந்த தந்தியே வயலினின் ஏ தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. அது பாடும் இடைப்பட்ட பரப்பில்தான் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களும், பசூன்கள், ஹார்ன்கள் என்ற காற்றுக் கருவிகளும் குவிகின்றன. வயலின் மேலே ஏறித் தப்பித்துக்கொள்ளும். செல்லோவுக்கு அந்த வசதி குறைவு. இதை நன்கறிந்த பிராம்ஸ், இசைக்குழு ஒரு சிறு தொடரை முழங்கி ஓய்ந்ததுமே செல்லோவைத் துணையின்றித் தனியே பேசவிடுகிறார். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்காகக் கச்சேரியின் பிற்பகுதி வரை காத்திருந்து பழகிய நமக்கு, தனி வாசிப்பு வாசலிலேயே வந்து நிற்பது விந்தையாக இருக்கும். செல்லோ வாசித்த அம்மையார் அவசரப்படவில்லை. அவர் விட்ட இடைவெளிகளில் மின்சார ரயிலின் ஊதல் கேட்டது. 1856 முதல் ரயில் ஓடும் ஊரில் அதைக் குறைசொல்ல இயலாது.

இரண்டாம் பகுதிக்காகத்தான் நான் போனேன். ஹார்ன்கள் சுருக்கமாக அழைக்க, மற்றக் காற்றுக் கருவிகள் மறுமொழி தர, தனி வாத்தியங்கள் இரண்டும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டை டி மேஜரில் பாடத் தொடங்குகின்றன. வயலின் இரட்டையர் ஒருவர் மேல் ஸ்தாயியிலும் மற்றவர் கீழ் ஸ்தாயியிலும் ஒரே கிருதியை வாசிக்கும்போது கிடைக்கும் கனம் இதில் உண்டு. ஆனால் இங்கே கீழே ஒலிப்பது வேறொரு வாத்தியமாதலால், சுருதி மயிரிழை பிசகினாலும் ஒட்டு பிரிந்து தெரியும். இன்று பிரியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பிராம்ஸ் நான்கு ஹார்ன்கள் கேட்கிறார். நேற்று இரண்டே இருந்தன. முதற்பகுதியின் முழக்கம் அதனால் மெலிந்தது உண்மை, ஆனால் செல்லோவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. மூன்றாம் பகுதியில்தான் எனக்கு மனத்தாங்கல். மிதமிஞ்சாத விரைவு என்று பிராம்ஸ் குறித்திருக்க, நடத்துநர் அதை ஓட்டமாக்கிவிட்டார். அங்கும் மெட்டை முதலில் எடுப்பது செல்லோ என்பதால், அதன் சிறு ஸ்வரங்கள் மண்டபத்தின் எதிரொலியில் குழம்பின. பின்னர் வயலின் அதையே எடுத்தபோதுதான் பின்வரிசைக்கு மெட்டு விளங்கியது.