நிரலாக்க மன்றத்தில் "கோடு (code) ஓடல, அவசரம்" என்று மட்டும் கேட்டால் யார் உதவுவார்?

பிழைச்செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாதீர்கள். அதிலிருந்து ஒரு வரியை எளிதாக நகலெடுத்துத் தேட முடியாது. எழுத்தாகவே ஒட்டுங்கள். பைத்தான் என்றால் டிரேஸ்பேக் (பிழை வரும்போது அது காட்டும் பல வரிச் செய்தி) முழுசாக வேண்டும்: பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும், அது எந்த வழியாக வந்தது என்பது மேலேதான் இருக்கும். பதிப்பு எண்ணும் முக்கியம். பைத்தான் 3.12-இல், தொகுப்புகளை நிறுவப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கிவிட்டார்கள்; 3.11-இல் ஓடிய பழைய செட்டப் கோப்பு அங்கே இம்போர்ட் வரியிலேயே நின்றுவிடலாம்.

அடுத்து, கோடைக் குறையுங்கள். ஒரு பகுதியை நீக்கி ஓட்டிப் பாருங்கள்; பிழை மறைந்தால் கடைசியாக எடுத்ததைத் திரும்பப் போடுங்கள். இருநூறு வரி இருபதாகும்போது பல சமயம் கேள்வியே தேவைப்படாது (அலுப்பான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்).

ஒட்டும் முன் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (ஒரு சேவையை உங்கள் கணக்கில் பயன்படுத்தும் ரகசியக் குறியீடு) இரண்டையும் எடுத்துவிடுங்கள். தவறுதலாகக் கீ வெளியே போய்விட்டால் பதிவை அழிப்பது போதாது. கீயை ரத்து செய்து புதிதாக எடுங்கள்.