பிளேட்டு ஒட்டிக்கிச்சு

இன்ஜின் வேலை முடிந்த ஒரு பைக்கில் கிளட்ச் விடவில்லை, அதாவது லீவரைப் பிடித்தும் இன்ஜின் சக்கரத்தை விடவில்லை. சரிசெய்து முடித்ததும் என்ன ஆச்சு என்று வண்டிக்காரர் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் இதுதான்: “புது பிளேட்டுங்க, ஒட்டிக்கிச்சு. இப்ப சரியாயிடுச்சு.” வண்டிக்காரர் தலையாட்டினார். பக்கத்தில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய இன்ஜின் அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிளேட் எதுவும் ஒட்டவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது என்பதுதான் காரணம். கிளட்சுக்குள் பிரிக்‌ஷன் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், லீவரைப் பிடித்தால் அவை பிரிய வேண்டும். புது பிரிக்‌ஷன் பிளேட்டை ஆயிலில் ஊறப் போடாமல் மாட்டினால் ஸ்டீல் பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் வேலை முடிந்த வண்டியில் கிளட்ச் விடவில்லை என்றால் நானே முதலில் அதைத்தான் நினைப்பேன், அன்றும் நினைத்தேன். நடக்கக்கூடிய ஒரு காரணத்தைத்தான் சொன்னேன். இந்த வண்டியில் அது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் கியர் விழுந்ததும், கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கும்போதே, வண்டி முன்னால் பாய்ந்து ஆஃப் ஆனது. கேபிளைப் பார்த்தேன். லீவர் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லி ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் அளவு), இருக்க வேண்டிய அளவுதான். கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. (இந்த இடத்தில் கேபிளை இறுக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விடாத கிளட்ச் அப்படியே இருக்கும், கூடவே ஸ்லிப்பும் ஆரம்பிக்கும்.) இன்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினேன். ஒட்டிய பிளேட்டாக இருந்தால் ‘டக்’கென்று பிரியும், ஒரு தடவை பிரிந்தால் பிரிந்ததுதான். இது பிரியவில்லை. அப்போதே ஒட்டல் இல்லை என்று பாதி தெரிந்துவிட்டது.

கவரைத் திறந்தேன். கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற புஷ் ராட் ஷாஃப்ட்டுக்குள் வழியாக வருகிற வகை, அதனால் கவர் இல்லாமலே லீவரை அழுத்திப் பார்க்க முடிந்தது. பிளேட் அடுக்கை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட் கோணாமல் எல்லாப் பக்கமும் சமமாக எழுந்தது, சுமார் ஒன்றரை மில்லி. பார்க்க அது போதாதது போலத் தெரியும். 5 பிரிக்‌ஷன் பிளேட் என்றால் உரசும் முகம் 10. அந்த ஒன்றரை மில்லியை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டால் ஒரு முகத்துக்கு 0.15 மில்லிதான் கிடைக்கும். கிளட்ச் விடுவதற்கு அதுவே போதும். ஒரு ஸ்டீல் பிளேட் கொஞ்சம் வளைந்திருந்தாலும் அந்த இடைவெளி காணாமல் போய்விடும் என்பதால், ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் வைத்து இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன.

பிளேட்டை எல்லாம் எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்டீல் பிளேட்டைத் தாங்கி கியர் பக்கம் சுற்றுவது ஹப், பிரிக்‌ஷன் பிளேட்டைத் தாங்கி இன்ஜினோடு சுற்றுவது பாஸ்கெட். நியூட்ரலில் ஹப்பைக் கையால் சுற்றினால் அது மட்டும் சுற்ற வேண்டும், பாஸ்கெட் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நடுவில்தான் பிளேட்டே இல்லையே. ஆனால் ஹப்பைத் திருப்பினால் பாஸ்கெட்டும் கூடவே வந்தது. இன்ஜினையே கையால் சுற்றுகிற கனம். ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன், ஹப் சும்மா சுழன்றது. மறுபடி இறுக்கினேன், பிடித்துக்கொண்டது. ஹப்புக்கும் பாஸ்கெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய த்ரஸ்ட் வாஷர் இல்லை. நட்டை இறுக்கும்போது ஹப் நேராக பாஸ்கெட் மேலேயே போய் உட்காருகிறது. பிளேட் பிரிந்தால் என்ன, பிரியாவிட்டால் என்ன?

பழைய பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட் காது வெட்டிப் பள்ளம் விழுந்திருந்ததால் புதிதாக மாற்றியிருந்தோம். பழையது கழித்த சாமான் தட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. நகத்தால் துழாவியபோது ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. ஆயில் பசையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது வாஷர். (ஒட்டியது ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.) அண்ணன் பக்கத்தில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. என் கையிலிருந்து வாங்கித் துடைத்து, இரண்டு பக்கமும் ஆயில் தடவி, அவரே ஷாஃப்ட்டில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் கட்டி முடித்து ஸ்டார்ட் செய்து கியர் போட்டோம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் வண்டிக்காரர் கேட்டார்: “என்னங்க ஆச்சு?”

அவர் கேட்டது அண்ணனைப் பார்த்து. இதை நான் பிறகுதான் யோசித்தேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னது நான்.

ஏன் சொன்னேன்? “வாஷர் விட்டுப்போச்சு” என்று சொன்னால் அவர் காதில் வாஷர் மட்டும் விழாது. பிஸ்டன், ரிங், டைமிங் செயின் என்று அண்ணன் கை பட்ட அத்தனையும் சந்தேகத்துக்குள் வரும். போகிற வழியெல்லாம் இன்ஜினில் எந்தச் சத்தம் கேட்டாலும் இதுதான் நினைவுக்கு வரும். அந்த இன்ஜின் அருமையாகக் கட்டிய இன்ஜின், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு வாஷருக்காக அதன் பேர் கெட வேண்டுமா என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கே வந்தது. ஹப்பின் பின்பக்கம் உரசி வளையமாகப் பளபளத்ததைப் பார்த்தேன். வடித்த ஆயிலை விரலில் தேய்த்து, தூள் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேறு எதுவும் விட்டுப்போயிருக்குமோ என்று மனதுக்குள் ஒரு முறை முழு இன்ஜினையும் பிரித்துக் கோத்தேன். நான் பட்ட சந்தேகத்தைப் படும் உரிமை காசு கொடுக்கிற மனிதருக்கு இல்லையா? இல்லை என்று முடிவு செய்ய நான் யார்? சரி, உரிமை இருக்கட்டும். தெரிந்து அவர் என்ன செய்திருப்பார், நிம்மதி கெட்டதுதான் மிச்சம் என்றும் தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறித் தோன்றுகின்றன.

வண்டி போன பிறகு அண்ணன் சொன்னார்: “நான் சொல்லியிருப்பேன்டா. அதுக்குள்ள நீ சொல்லிட்ட.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் “உங்களுக்காகத்தான்ணே” என்று எதிர்த்துப் பேசியிருப்பேன். உண்மையிலேயே சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கியிருக்கலாம், அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான் நான் முந்திக்கொண்டேனோ என்னவோ. அல்லது அவரை அவ்வளவு பலவீனமானவர் என்று நானாக நினைத்துக்கொண்டேனோ? என்னைவிடப் பல வருஷம் மூத்தவர். வாஷரைத் தன் கையால் எடுத்துப் போட்டவருக்கு அதை வாயால் சொல்ல வராதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த வண்டிக்காரர் இப்போது ஒரு தவறான காரணத்தோடு வண்டி ஓட்டுகிறார். நாளைக்கு வேறு எதனாலோ கிளட்ச் விடாமல் போனால், “இந்த வண்டியில பிளேட்டு ஒட்டும்” என்று அவரே முன்னும் பின்னும் உலுக்கிவிட்டுக் கிளம்புவார். வேறு கடையில் விட்டால் அங்கேயும் அதையே சொல்வார், அந்த மெக்கானிக்கும் முதலில் பிளேட்டைத்தான் பிரிப்பார். ஒரு வார்த்தைதான், ஆனால் அது வண்டியோடு போய்விட்டது.

500 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்ற வரச் சொல்லியிருக்கிறோம். அப்போது சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். சொன்னால் மறுபடியும் அண்ணனை முந்துகிறேன். அவரிடமே கேட்டுவிட்டுச் சொல்லலாம். கேட்டால் “இப்ப எதுக்குடா அது” என்பார் என்று நினைத்துத்தான் கேட்காமல் இருக்கிறேன். அதையும் அவர் இன்னும் சொல்லவில்லை, அவருக்காக நானே சொல்லிக்கொள்கிறேன்.