ஓஎன்டியை பிரிட்ஜில் போடுவதா, ரூட்டிங்கிலேயே விடுவதா?

ஃபைபர் கம்பெனி கொடுத்த ஓஎன்டியின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) லான் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, கடையில் வாங்கிய வைஃபை ரூட்டரின் வான் (வெளி நெட் வரும்) போர்ட்டில் செருகினால் நெட் வந்துவிடும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் கால் போகும். ஆனால் வெளியூரிலிருந்து வீட்டு கேமராவின் டிவிஆரைத் திறக்க முடியாது. கேம் கன்சோல் ‘ஸ்ட்ரிக்ட் நாட்’ என்று முரண்டு பிடிக்கும் (நாட் என்பது வீட்டுக் கருவிகளின் ஐபி முகவரிகளை வெளியே ஒரே முகவரியாக மாற்றிக் காட்டும் வேலை). வீட்டுக்குள் இரண்டு பெட்டிகள் ரூட்டிங் செய்வதுதான் காரணம்.

விண்டோஸ் கமாண்ட் திரையில் 1.1.1.1-க்கு ஒரு டிரேஸ்ரூட் (எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். முதல் வரியில் 192.168.0.1, இரண்டாவது வரியில் 192.168.1.1 என்று வந்தால் நாட் இரண்டு முறை நடக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வருவதை வீட்டிலுள்ள குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கும்.

பிரிட்ஜ் செய்யும் பெட்டி மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் போர்ட்டுக்கும் உள்ள தனி எண்) மட்டும் பார்த்து, வந்த ஃபிரேமை, அதாவது தரவுப் பொட்டலத்தை, வந்தபடியே அடுத்த பக்கம் தள்ளிவிடும். ஐபி முகவரி அதற்குத் தேவையே இல்லை. ரூட்டர் அப்படியில்லை. ஐபி முகவரி வரை பிரித்துப் பார்க்கும், இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்ணான டிடிஎல்லில் ஒன்றைக் குறைக்கும், மேக் முகவரிகளை மாற்றி எழுதி அனுப்பும். எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட்டைத் தன் வாசலோடு நிறுத்திவிடும். வீட்டு ரூட்டர் கூடவே நாட்டும் செய்யும். ஒரு வீட்டுக்கு இந்த வேலையைச் செய்ய ஒரு பெட்டி போதும். அது எது என்று முடிவு செய்துவிட்டு, மற்றதை பிரிட்ஜ் ஆக்கிவிட வேண்டும்.

வைஃபை எட்டவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் ஓஎன்டியில் கை வைக்காதீர்கள். சொந்த ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினால் போதும். ‘ஏபி மோட்’ என்று மெனுவில் இருந்தால் ஒரே கிளிக். இல்லாவிட்டால் அதன் லான் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் இல்லாமல் லான் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால்தான் வேடிக்கை: எந்தப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ அது தரும் முகவரியை போன் வாங்கிக்கொள்ளும். ஒரு போனில் நெட் வரும், பக்கத்துப் போனில் வராது, ரீஸ்டார்ட் செய்தால் மாறி வரும். இன்னொன்று: இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு லான் கேபிள் போட்டுவிடக் கூடாது. ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் கிடையாது, ஆகவே ஒரு பிராட்காஸ்ட் சுற்ற ஆரம்பித்தால் நிற்காது. இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985-லேயே ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வடிவமைத்துவிட்டார். ஆனால் மலிவான வீட்டுப் பெட்டிகளில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

போர்ட் ஃபார்வர்டிங், விபிஎன் சர்வர், வீட்டுக்குள் தனித்தனி விலான் (ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்த நெட்வொர்க்) என்றெல்லாம் தேவைப்பட்டால் ஓஎன்டியை பிரிட்ஜில் போட்டுவிட்டு, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து கம்பெனியோடு இணையும் பிபிபிஓஇ டயலை நம் ரூட்டரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓஎன்டி பக்கத்தில் பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும்.

ஓஎன்டியின் வான் பட்டியலில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கும். பெயரில் ‘இன்டர்நெட்’ என்று இருப்பதை மட்டும் தொடுங்கள். ‘வாய்ஸ்’ என்பதை அழித்தால் லேண்ட்லைன் போகும், ‘டிஆர்069’ என்பதை அழித்தால் கம்பெனிக்காரரால் தூரத்திலிருந்து எதையும் சரிசெய்ய முடியாது. இன்டர்நெட் வானை ‘ரூட்’டிலிருந்து ‘பிரிட்ஜ்’ ஆக்கி, போர்ட் பைண்டிங்கில் லான் 1-ஐ மட்டும் டிக் செய்து, ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். லான் 1-லிருந்து கேபிள் இப்போது நம் ரூட்டரின் வான் போர்ட்டுக்குப் போக வேண்டும்.

அதிகம் சறுக்குவது விலானில்தான். விலான் எண்ணைச் சுமக்கும் டேக்கை ஓஎன்டியே கழற்றித் தருமானால் ரூட்டரில் விலான் எண் போடக் கூடாது. டேக்கோடு அப்படியே அனுப்புமானால் கண்டிப்பாகப் போட வேண்டும். இரண்டிலும் போட்டாலும் கதை முடிந்தது, இரண்டிலும் விட்டாலும் முடிந்தது. ரூட்டர் ‘கனெக்டிங்’ என்றே சுற்றிக்கொண்டிருந்தால், லேப்டாப்பை நேராக லான் 1-ல் மாட்டி விண்டோஸில் பிராட்பேண்ட் டயல் செய்து பாருங்கள். பிழை எண் 651 வந்தால் மறுமுனையிலிருந்து பதிலே வரவில்லை. விலான், பைண்டிங் இரண்டையும் பாருங்கள். 691 வந்தால் பாதை சரி, உள்ளே விட மறுக்கிறார்கள். பாஸ்வேர்டு தப்பாக இருக்கலாம், பழைய செஷன் சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம், இணைப்பு பழைய பெட்டியின் மேக்கோடு பூட்டப்பட்டிருக்கலாம். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் டயல் செய்யுங்கள். அப்போதும் மறுத்தால் பழைய மேக்கை நம் ரூட்டரில் குளோன் செய்யலாம்.

அடுத்தது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. ரூட்டரில் 1500 என்றே கிடந்தால் சில தளங்கள் பளிச்சென்று திறக்கும், சில பாதியில் தொங்கும். சின்ன பாக்கெட் போய்விடும், பெரியது சிக்கிக்கொள்ளும். ‘பெரிதாக இருக்கிறது, குறை’ என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஃபயர்வால் தின்றுவிடுவதால் அனுப்புகிறவருக்கு விஷயமே தெரியாது. துண்டாக்கத் தடை போட்டு 1.1.1.1-க்கு 1472 பைட் பிங் அடியுங்கள், தோற்கும். 1464-க்குப் பதில் வந்தால் சரி, ஏனென்றால் ஹெட்டர் 28 பைட்டையும் சேர்த்தால் 1492. பாக்கெட்டுக்குள் போகும் தரவின் அளவுக்கு வரம்பு போடும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கையும் போடுங்கள். ஐபிவி4-க்கு அது 1452.

ஸ்பீடு 94-லேயே நிற்கிறதா? ரூட்டரின் வான் போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு கிகாபிட் போர்ட் வேண்டும். எட்டு கம்பியில் 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒன்று சரியாக கிரிம்ப் ஆகாவிட்டாலும் இதே 94 வரும். புது ரூட்டர் வாங்குவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிரிட்ஜ் போட்டும் வெளியிலிருந்து டிவிஆர் திறக்கவில்லை என்றால் ரூட்டரின் வான் ஐபியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் கம்பெனியே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. அதற்கு வீட்டில் மருந்து கிடையாது. ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாகப் போக வேண்டும். பிரிட்ஜில் இருக்கும்போது ஐபிவி6 பிரிஃபிக்ஸ் (வீட்டுக்கான முகவரித் தொகுதி) நேராக நம் ரூட்டருக்கே வரும், டிஹெச்சிபிவி6 பிரிஃபிக்ஸ் டெலிகேஷனை மட்டும் ஆன் செய்தால் போதும்.

பிரிட்ஜுக்குப் பிறகு 192.168.1.1 திறக்கவில்லையே என்று ஓஎன்டியை ரீசெட் செய்துவிடாதீர்கள், கம்பெனி ஏற்றிய செட்டிங் எல்லாம் போய்விடும். லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.5 என்று முகவரி கொடுத்து லான் 2-ல் மாட்டினால் திறந்துவிடும்.