பேஸ் டிரம்முக்கு ஓர் இருக்கை

நவம்பர் 18, திங்கள்

கொல்லத்தில் ஒரு பள்ளியும் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியும் எங்கள் பேண்டு குழுவையும் சேர்ந்திசைக் குழுவையும் அழைத்திருக்கின்றன. டிசம்பர் 6, 7. வாசிக்க 22 பேர், பாட 20 பேர், ஆசிரியர்கள் 4, ஆயா ஒருவர். மொத்தம் 47. "கணக்கு டீச்சர்தானே, பஸ்ஸை நீங்களே பேசி முடித்துவிடுங்கள்" என்று தலைமையாசிரியை பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். கணக்குக்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள். செங்கோட்டையில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவு பகலாக ஊரைக் கடந்துகொண்டிருக்கின்றன. மண்டல பூஜை முடியும் வரை நல்ல சுற்றுலா பஸ் எதுவும் சும்மா நிற்காது. அழைத்தவர்கள் அக்டோபரில் அழைத்திருக்கலாம்.

நவம்பர் 20, புதன்

இன்று முழுவதும் தொலைபேசி. முதலில் கிடைத்தவர் இரண்டு நாளுக்கு 24,000 என்றார். மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, வண்டியின் படத்தை அனுப்பச் சொன்னேன். பதிவெண் டி.என். 72. அது திருநெல்வேலி, எங்கள் பக்கத்து வண்டி என்றால் 76 இருக்க வேண்டும். "அண்ணாச்சி, வண்டி எங்கே நிற்கிறது?" என்றேன். பாளையங்கோட்டையில் ஷெட்டாம். கிலோமீட்டர் கணக்கு ஷெட்டிலிருந்து ஷெட் வரையாம்.

பேப்பரை எடுத்துக் கூட்டினேன். இங்கிருந்து கொல்லம் ஏறத்தாழ 95 கிலோமீட்டர், அங்கிருந்து திருவனந்தபுரம் 65, குளத்துப்புழை வழியாகத் திரும்ப 105. ஊருக்குள் சுற்ற 35. ஆக 300. வண்டி காலியாக வந்து போவதற்கு இன்னும் 125. அவர் சொன்ன தொகை 350 கிலோமீட்டருக்கு மட்டும். மேலே ஒவ்வொன்றுக்கும் 45 ரூபாய். ஓட்டுநர் பேட்டா நாளுக்கு 1,000, கிளீனர் பேட்டா நாளுக்கு 600, இரண்டு நாளுக்கு. கூட்டினால் 30,575. கேரள பர்மிட், வரி, சுங்கம், பார்க்கிங் எல்லாம் "எவ்வளவு ஆகிறதோ அவ்வளவு". தென்காசிக்காரர் ஒருவர் பர்மிட், பேட்டா உட்பட 31,500 என்றார். எடுத்த எடுப்பில் அதிகமாகத் தெரிந்தது அவர்தான். அவருக்கே முன்பணம் 5,000 கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 23, சனி

தையல் டீச்சரிடம் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் போனேன். உடன் பேண்டு பயிற்சியாளர். 49 இருக்கை, பக்கத்துக்கு இரண்டு. சுத்தமான வண்டி. முன்கண்ணாடியின் மேல் நேற்றைய மாலை இன்னும் வாடாமல் தொங்கியது.

டிக்கியின் கதவைத் தூக்கி அளந்தேன். உயரம் 24 அங்குலம். பேஸ் டிரம், அதாவது பெரிய முரசின், விட்டம் 26. படுக்க வைத்தால் நுழையும் என்றார் கிளீனர். பயிற்சியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. படுக்க வைத்தால் அதன் மேல் யாராவது பெட்டியை ஏற்றுவார்கள். முரசின் முகம் பெட்டியின் மூலைக்கு ஈடு கொடுக்காது. தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர இப்போதெல்லாம் அது பிளாஸ்டிக் படலம். கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். தவிர, எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில் டிக்கியின் கடைசி அறை அடுப்பங்கரை மாதிரி. கீபோர்டை அங்கே வைக்கவே கூடாது.

47 பேருக்கு 49 இருக்கை. மீதி இரண்டு. கடைசி வரிசையில் ஜன்னலோரம் டிரம், அதன் பக்கத்தில் கீபோர்டு. இரண்டையும் வேட்டியால் இருக்கையோடு கட்டிவிடலாம். சைடு டிரம்கள் எட்டும் மேல் தட்டில் ஏறாது, அவரவர் காலடியில். பியூகிள் ஊதுகொம்புகள் மடியில். ஆளை எண்ணி பஸ் பேசுவது கல்யாண வீட்டார் வேலை. பேண்டுக்கு பஸ் பேசுபவர் முதலில் முரசை எண்ண வேண்டும்.

நவம்பர் 27, புதன்

தென்காசிக்காரர் கைவிரித்துவிட்டார். "டீச்சர், தேதி மாறி எழுதிவிட்டோம்." தேதி மாறவில்லை. நான்கு நாள் மலைப்பயணத்துக்கு யாரோ கூடக் கொடுத்திருப்பார்கள். முன்பணம் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. அந்த வேகமே சந்தேகத்தை உறுதி செய்தது. ரசீதை எடுத்துப் பார்த்தேன். வண்டி எண் இல்லை, "ஒரு பஸ்" என்றுதான் எழுதியிருக்கிறது. என் தவறு.

நவம்பர் 29, வெள்ளி

கடையநல்லூரில் ஒரு வண்டி. 34,000. பேரம் பேசும் தெம்பு இல்லை. இந்த முறை ரசீதில் வண்டி எண், புறப்படும் நேரம், பயண வழி, இருக்கை எண்ணிக்கை எல்லாம் எழுதி வாங்கினேன். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பர்மிட் நான்குக்கும் நகல். அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ள வண்டி. அது இல்லாத வண்டியென்றால் இந்தப் பயணத்துக்கென்று தனி பர்மிட் எடுக்க வேண்டும். வழியில் வேறு யாரையும் ஏற்றி இறக்கக் கூடாது. உரிமையாளர் ஒரு கேள்விக்கும் முகம் சுளிக்கவில்லை. "இப்படிக் கேட்கிறவர்கள் வந்தால் எங்களுக்கும் நல்லதுதான்" என்றார்.

டிக்கி முன்னதைவிடச் சிறியது. டிரம்முக்கு இருக்கை உறுதி.

டிசம்பர் 2, திங்கள்

தலைமையாசிரியையோடு முக்கால் மணி நேரம். திருவனந்தபுரம் நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. முடிந்து, சாப்பிட்டுப் புறப்பட எட்டரை. இரவோடு இரவாக வந்துவிடலாம், இன்னொரு நாள் வாடகை மிச்சம் என்கிறார்.

பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை. காட்டுச் சாலை, மழைக்காலம். ஆரியங்காவு தாண்டினால் புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வீடு சேர நள்ளிரவு தாண்டும். இதெல்லாம்கூட அப்புறம். அன்று காலை ஆறு மணிக்குக் கொல்லத்தில் வண்டியை எடுக்கும் அதே மனிதர்தான் நள்ளிரவிலும் அதை ஓட்டப் போகிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி ஓய்வு, இடைவேளை எல்லாம் சேர்த்தாலும் 12 மணி நேரத்துக்குள் நாள் முடிய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். நாங்கள் கேட்பது 18.

"கேரளத்தில் பள்ளிச் சுற்றுலா வண்டி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஓடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், மேடம்" என்றேன். "அது அவர்கள் பள்ளிகளுக்கு" என்றார். வடக்கஞ்சேரியை நினைவூட்டினேன். 2022 அக்டோபர் 5, இரவு. எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பஸ், முன்னால் போன அரசு பஸ்ஸின் மேல் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து பேர் மாணவர்கள். ஒருவர் ஆசிரியர்.

அவர் மேசை மேலிருந்த பேனாவை மூடியால் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "பணத்துக்கு எங்கே போவது?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

டிசம்பர் 3, செவ்வாய்

திருவனந்தபுரம் பள்ளிக்கு நானே பேசினேன். மாலை நிகழ்ச்சியைக் காலை பத்தரைக்கு மாற்ற முடியுமா? "அதற்கென்ன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அந்த ஆசிரியர். நேற்று முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு போன் போதுமாயிருந்திருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

மாலை நான்கு மணிக்கு உரிமையாளரிடம் கேட்டேன்: "நாளைக்கு வரும் ஓட்டுநர் இன்று எங்கே இருக்கிறார்?" கொஞ்சம் தயங்கி, "சபரிமலைப் பக்கம் நிலக்கல்லிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், இரவு பதினொன்றுக்குள் வந்துவிடுவார்" என்றார். காலை ஆறுக்கு எங்கள் பயணம். வேறு ஆள் வேண்டும் என்றேன். அவர் குரல் கொஞ்சம் கடுத்தது. நானும் இறங்கவில்லை. ஏழரை மணிக்கு அவரே அழைத்தார். வேறு ஒருவர் வருகிறாராம், இரண்டு நாளாக வீட்டில்தான் இருக்கிறாராம். ஐம்பது வயதுக்கு மேல். மாலை போட்டிருக்கிறார்.

டிசம்பர் 6, வெள்ளி

பள்ளித் தெருவுக்குள் வண்டி திரும்பாது. வாஞ்சிநாதன் சிலைப் பக்கம் நிறுத்தி, கருவிகளைச் சுமந்து வந்து ஏற்றினோம். ஏற்றவே 25 நிமிடம். இனி எல்லா நேரக் கணக்கிலும் இந்த 25-ஐ இருமுறை சேர்க்க வேண்டும், ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று.

ஓட்டுநர் கறுப்பு வேட்டி, வெறுங்கால். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் "சாமி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். "சாமி, கலர் விளக்கு போடுவீர்களா?" "அதெல்லாம் இந்த வண்டியில் இல்லை சாமி" என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் அதே மரியாதையோடு பதில்.

ஆரியங்காவு சோதனைச் சாவடியில் பயணிகள் பட்டியலைப் படித்த அதிகாரி 48-இல் நின்றுவிட்டார். எங்கள் பேண்டு தலைவன் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது "48. பேஸ் டிரம், 49. கீபோர்டு" என்று சேர்த்திருக்கிறான். வயது என்ற இடத்தில் டிரம்முக்கு 11. அதிகாரி ஏறி வந்து, வேட்டியில் கட்டுண்டு அமர்ந்திருந்த 48-ஆம் பயணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி இறங்கினார்.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கண்டதும் ஒரே கூச்சல். அங்கிருந்து பாட ஆரம்பித்தவர்கள் புனலூர் வரை நிறுத்தவில்லை. பேண்டுப் பிள்ளைகள் பாடினால் நட்டமில்லை; பாட வேண்டியவர்கள் பாடித் தீர்த்தால்தான் வம்பு. பாட்டு டீச்சர் புனலூரில் மௌன விரதம் அறிவித்தார். அப்படியும் கொல்லத்தில் மேல் ஸ்தாயியில் இரண்டு குரல் கரகரத்தது. அந்தப் பள்ளியில் குடிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிமுகம் என்ற மரத்தின் கட்டையைப் போட்டுக் காய்ச்சியது, வெதுவெதுப்பாக. தொண்டைக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது? நான்கு பிளாஸ்குகளில் நிரப்பி வாங்கிக்கொண்டேன்.

இரவு அந்தப் பள்ளியின் கூடத்தில் படுக்கை. சாமிக்குத் தனி அறை கேட்டிருந்தேன், மின்விசிறியோடு. "எனக்கு எதற்கு டீச்சர், வண்டியிலேயே படுத்துக்கொள்வேன்" என்றார். நான் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

நாலரை மணிக்குக் குழாயடியில் தண்ணீர் சத்தம். எட்டிப் பார்த்தால் சாமி குளித்துக்கொண்டிருந்தார். ஆறுக்கு வண்டி நகர்ந்தது. நெடுஞ்சாலை விரிவாக்க வேலையால் அங்கங்கே ஊர்ந்தாலும் எட்டே முக்காலுக்குச் சேர்ந்தோம். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. மழை மட்டும் அணிவகுப்பு நேரம் பார்த்துப் பெய்து, வெள்ளை கேன்வாஸ் காலணிகளுக்குப் போட்ட பாலிஷ் முழுவதையும் மைதானத்தில் கரைத்துவிட்டது.

ஒன்றரைக்குப் புறப்பட்டோம். குளத்துப்புழையில் டீ, அரை மணி நேரம். காட்டுக்குள் வெளிச்சம் இருந்தது. பின் வரிசையில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஒருவன் டிரம்மின் மேல் சாய்ந்து. எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றோம். சாமி எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆறே கால் மணிக்குச் சிலையருகே பெற்றோர் குடையோடு நின்றிருந்தார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

டிரிப் ஷீட்டில் 352 கிலோமீட்டர். கடையநல்லூர் போக வர சேர்த்து. என் கணக்கில் 350. பார்க்கிங் 200 ரூபாய் மட்டும் கூடுதல். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பேஸ் டிரம் கோல் ஒன்றைக் காணவில்லை. பையன் அழாத குறை. மதியம் உரிமையாளர் அழைத்தார். கடைசி இருக்கையின் அடியில் உருண்டு கிடந்திருக்கிறது. வண்டி நேற்று இரவே குருசாமி ஒருவரின் குழுவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது, கோலும் கூடவே. இப்போது நிலக்கல்லில் இருக்கிறதாம். புதன்கிழமை வரும்.